வயர்லெஸ் செட்டுல சிரிக்கிற ஆளு

எம் புருசன் வாயிலருந்து ஒரு நாளைக்கு நாலு வார்த்தை உதிர்ந்தா அதுவே பெருசு. தங்கச்சிமடத்துல விசைப்படகு டிரைவர். கடலுக்குப் போயிட்டு மறுநாள் காலைல வந்தா குளிப்பாரு, சாப்புடுவாரு, தூங்குவாரு. என்ன கேட்டாலும் ‘ம்’. சரி, அவரு சுபாவம் அதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

போன வருசம் ஒரு சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவங்களுக்குச் சொந்தப் படகு, அதனால கடல்ல இருக்குற படகுகளோட பேசுற வயர்லெஸ் செட்டு வீட்டுல எந்நேரமும் கத்திக்கிட்டே கெடக்கும். அதுல ஒரு ஆளு சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாரு. நடுவுல பாட்டு வேற. எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

“யாரு மதினி இது, இந்தப் போடு போடுறாரு?”

“அடி இவளே! எந்தம்பி குரலு ஒனக்குத் தெரியலையா?”

ஆத்தாடி, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அடுத்த படகுக்காரருகிட்ட என்னைப் பத்தித்தான் பேச்சு. கொழம்புக்கு உப்புப் போட மறந்துட்டு, ‘சொல்றதுக்கு வாயில்லையா’ன்னு அவரையே நான் வஞ்சதை என் குரல்லயே பேசிக் காட்டுறாரு. “அவ கோவப்பட்டாத்தாம்ப்பா அழகு”ங்குறாரு! எங்கிட்ட ஒருநாள் சொன்னதுண்டா? இன்னொருத்தி கூடப் பழகினாருன்னா அவ முடியைப் பிடிச்சு இழுக்கலாம். அவருக்குள்ளயே ஒளிஞ்சு கெடக்குற ஆளை எவன்கிட்டருந்து நான் பிடுங்குறது?

மைக்கை எடுத்து அமுக்கினேன். “ஏங்க, கடல்ல சிரிக்கிற அந்த ஆளை வீட்டுக்கு அனுப்புங்க. இங்கன வந்து திங்கிற ஊமை எனக்கு வேண்டாம்!”

மதினி தலையில அடிச்சுக்கிட்டாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்தச் சேனல்ல இருந்த படகு அத்தனையும் கேட்டிருக்கும்.

மறுநாள் வந்தாரு, குளிச்சாரு. தட்டை வச்சேன். தலையைத் தூக்காம சோத்தைப் பிசைஞ்சாரு. கரையில எல்லாரும் சிரிச்சிருப்பாங்க, இனிமே அந்த ‘ம்’மும் கெடையாதுன்னு நெனச்சு, அழுகையை அடக்கிக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிட்டேன்.

“ஏம்புள்ள, கேக்குதா?”

எட்டிப் பாத்தேன். சுவத்தைப் பாத்து உக்காந்துக்கிட்டு, படகுலருந்து கொண்டாந்த வயர்லெஸ் கைச்செட்டை, சுவிட்சைக்கூடப் போடாம வாய்கிட்டப் பிடிச்சிருந்தாரு. “கொழம்பு நல்லாருக்கு. நேத்து நீ வஞ்சதும் நல்லாத்தான் இருந்துச்சு.”

“கேக்குது”ன்னேன், அடுப்படியிலருந்தே.

சோறு ஆறுற வரைக்கும் பேசினாரு. செட்டைக் கீழ வச்சதும் பழையபடி ‘ம்’. பாவி மனுசன்! அந்தச் செட்டைக் கண்டா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டுத்தான் வருது. ஆனாலும் அவரு சாப்பிட உக்காந்தா, தட்டுக்குப் பக்கத்துல அதை எடுத்து வைக்கிறது நாந்தான்.