இரண்டு போன், ஒரு ஃபேன்

போடிமெட்டைத் தாண்டினால் வீட்டுக்கு இரண்டு போன் வேண்டும். ஒன்றில் தமிழ்நாட்டு சிம், இன்னொன்றில் கேரள சிம். எந்த டவர் எப்போது கைவிடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எதையும் இரண்டிலும் போட்டு வைப்பது மலையில் வழக்கம். அக்காவிடம் ஒன்று, மச்சானிடம் மற்றது.

இத்தனை வருடம் அடுத்தவர் ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தியவர்கள், இந்த மழைக்குத் தாங்களே சின்னதாக ஒரு ஸ்டோர் கட்டினார்கள்; அடுப்புச் சூட்டில் காய் உலர்த்தும் கூடம். முதல் லோடு. காய் பச்சை மாறாமல் வந்தால்தான் போடி வியாபாரிகள் இவர்கள் ஸ்டோரை மதிப்பார்கள். வெளுத்தால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

“நாள் பூரா அடுப்பு முன்னாடி குந்திக்கிட்டிருந்தா காய் எடுக்கற சோலிய யாரு பாக்கறது? ஓட்டைப் போன்ல ஊரெல்லாம் என்னென்னமோ பண்றாக. நீ எனக்கு நேரத்துக்கு மணி அடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு அப்பு” என்றாள் அக்கா.

கவிதை எழுதிக்கொண்டே போனுக்கு ஆப் எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கு இது தீராத வியப்பு: போன் தூங்கும். தூங்குகிற ஒன்றிடம், இன்ன நேரத்தில் எழு, எழுந்து இதைச் சொல், சொன்னது நடந்த பிறகே அடுத்ததை எண்ணத் தொடங்கு என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். காய் வேர்க்கத் தொடங்கும்போது, ஆவியை வெளியே தள்ள ஃபேன் மணி. ஃபேன் ஓடிய பிறகு தட்டு மாற்றும் மணி. அதன் பிறகு சூடு குறைக்கும் மணி. ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நடக்கும் மணிகள். டவரை நம்பாமல், ஒவ்வொரு போனும் தன்பாட்டுக்கு எண்ணும்படி எழுதினேன். வழக்கப்படி இரண்டு போனிலும் போட்டேன்.

காலையில் காயைத் தட்டுகளில் பரப்பி, அடுப்பு மூட்டி, இருவரும் ஒன்றாகத் தொடங்கினார்கள். தகரக் கூரையில் மழை. உச்சி நேரத்தில் ஃபேன் மணி இரண்டு போனிலும் அடித்தது. அக்கா ஸ்டோருக்குள் சுவிட்சைத் தட்டி, போனில் ‘ஆச்சு’ என்று அழுத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனாள். மச்சானும் வீட்டுச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி ‘ஆச்சு’ என்று அழுத்தினார். மழையில் நனையாமல் போட, மாடிப்படி விளக்குக்குச் செய்வதுபோல் இரண்டு இடத்திலிருந்தும் அந்த ஒரே ஃபேனைப் போட்டு அணைக்கும்படி அவர்தான் வயரிங் செய்திருந்தார்.

இரண்டு போனும் ஃபேன் ஓடுவதாகச் சொல்லின.

எனக்குப் பார்க்க ஆசை, அந்த ஆவி மழைக்குள் எப்படி வெளியேறும் என்று. குடையோடு ஸ்டோரின் பின்பக்கம் போனேன். ஆவி வரவில்லை. ஃபேனின் இறக்கைகளில் மழைத்துளி அசையாமல் தொங்கியது.

“மச்சான், ஃபேன் நிக்குது!”

“நான்தான போட்டேன்!”

“அக்காவும் போட்டுச்சு!”

மச்சான் ஓடிவந்து கதவைத் திறந்தார். உள்ளிருந்து கனத்த வெந்நீர் மூச்சு. தோட்டத்திலிருந்து அக்காவும் கூடையைப் போட்டுவிட்டு வந்தாள்.

“ரெண்டு பேருக்கும் ஒரே மணி அடிச்சா, யாரு போறதுன்னு மணி சொல்லுமா? நான் போட்டத ஒங்க மச்சான் அணச்சிருக்காரு. அவருக்கு எங்கிட்டாவது சுவிட்சு கண்டா கை நிக்காது” என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஃபேனைப் போட்டாள்.

“சாரமில்ல, சாரமில்ல” என்று, பரவாயில்லை என்பதை மலையாளத்தில் சொன்னார் மச்சான். தப்பு தன் பக்கம் என்றால் அவருக்கு அந்த மொழிதான் வரும்.

நான் திண்டாடியது வேறு எதிலோ. மணிகளை ஒன்றுக்கொன்று கோத்தேன், கைகளைக் கோக்கவில்லை. ஒருவர் ‘ஆச்சு’ என்றதும் மற்றவர் மணி அடங்க வேண்டும். அதற்கு டவர் இல்லாமல், பக்கத்துப் போனோடு பக்கத்துப் போன் பேச வேண்டும். பேசும். ஆனால் இரண்டு விரலும் ஒரே நொடியில் அழுத்தினால் யார் முதல்? அந்தக் கேள்வி இன்னமும் என்னை உட்கார விடவில்லை.

மறுநாள் காலை உலர்ந்து இறக்கியபோது மேல்தட்டுக் காய் வெளுத்திருந்தது. கீழ்த்தட்டுகள் இளங்கிளிப் பச்சை.

“கலந்து கட்டிரலாமா?” என்றார் மச்சான்.

“கலந்தா மொத்தமும் வெளுப்புன்னுதான் பேசுவாக. பச்சைய மட்டும் கொண்டாங்க. வெரசா.”

பச்சையைத் தனி மூட்டையாகக் கட்டி, தானே மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் முன்சீட்டில் ஏறினாள். சாயங்காலம் போடியிலிருந்து மச்சான் போனுக்கு அழைத்தாள்.

“வியாபாரிக அடுத்த லோடு எப்பன்னு கேக்கறாக. தம்பியவே அடுப்பு மூட்டச் சொல்லுங்க. நீங்க சுவிட்சத் தொடாதீக.”