ஒரே சுவரின் இரண்டு கண்ணாடிகள்

எங்கள் கட்டடப் பிரிவு அலுவலகத்தில் அந்த உதவிப் பொறியாளருக்குக் கண்ணாடி சார் என்று பெயர். அவர் மூக்குக்கண்ணாடி போட்டவர் அல்ல. நிலநடுக்கத்துக்குப் பிறகு வீடு வீடாகப் போய், விரிசல்களின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டியதால் வந்த பெயர் அது. இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, மேலே தேதி எழுதுவார். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடைந்தால் வாசல் கதவில் சிவப்பு வட்டம். ஒரு மணி நேரத்தில் வீட்டைக் காலி செய்து பள்ளிக்கூடத்து முகாமுக்குப் போய்விட வேண்டும். உடையாவிட்டால் மஞ்சள் வட்டம். குடியிருக்கலாம், வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார்கள்.

பதினொரு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகளைப் பார்த்தார். அவற்றைப் பதிவேட்டில் ஏற்றியவன் நான். மற்றவர்கள் தெருவில் நின்றே எழுதிக்கொண்டு போனபோது, இவர் மட்டும் அறை அறையாக நுழைந்து விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பார். உள்ளே தூசியும் ஒட்டடையும் இருந்தால் பழைய விரிசல். "இதுக்கு உங்க மாமியார் வயசு இருக்கும்மா, பயப்படாதீங்க" என்பார். பயந்து கிடந்த பெண்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

அவருடைய அக்காவின் வீடும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தது. பெற்றோர் போனபின் அவரை வளர்த்தவள் அந்த அக்காதான். படுத்த படுக்கையான மாமியாரும் அவளோடு இருந்தாள். அவள் வீட்டுக்கும் பக்கத்துத் தையல்காரர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பதினான்காம் தேதி அந்தச் சுவரின் இரு பக்கமும் கண்ணாடி ஒட்டினார். பதினாறாம் தேதி போய்ப் பார்த்தபோது தையல்காரர் பக்கத்துக் கண்ணாடி உடைந்திருந்தது. கதவில் சிவப்பு வட்டம் போட்டார். தையல்காரர் மறுபேச்சுப் பேசாமல் மிஷினையும் துணி வெட்டும் மேஜையையும் தெருவில் இறக்கினார். கண்ணாடி சார் அடுத்து அக்கா வீட்டுக்குள் போனார். அங்கே நடந்ததை அவர் பின்னால் என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அக்கா, இங்கயும் உடைஞ்சிருக்கு."

"உடைஞ்சா வேற ஒண்ணு ஒட்டு. பையில கத்தையா வச்சிருக்கியே."

"அப்படி எல்லாம் பண்ணக் கூடாதுக்கா."

"அத்தை திரும்பிப் படுக்கவே நான் வேணும். அவங்களை அந்தப் பள்ளிக்கூடத் தரையில போடச் சொல்றியா? கக்கூசுக்கு நூறு பேரு வரிசையில நிக்கிறாங்கடா. உனக்கு டைபாய்டு வந்தப்ப உன்னை எந்தத் தரையிலடா போட்டேன்?"

அவர் உடைந்ததைப் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். புதிதாக ஒன்றை ஒட்டி, அதில் பதினான்கு என்று தேதி எழுதினார். கதவில் மஞ்சள் வட்டம் போட்டார்.

பதினெட்டாம் தேதி, இடிக்க வேண்டிய வீடுகளுக்கு நான் தெரு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இரு வீடுகளுக்கும் நடுவே ஒரு கோடுதான் வரும். பதிவேட்டிலோ ஒரு பக்கம் 'உடைந்தது', மறு பக்கம் 'உடையவில்லை'. அவரைக் கூப்பிட்டேன்.

"சார், இந்தச் சுவரு டெய்லர் பக்கம் அசையுது, இந்தப் பக்கம் அசையலை. நான் எதை எழுதட்டும்?"

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். "டெய்லர் வீட்டுல யாராச்சும் கைபட்டு உடைஞ்சிருக்கும்ணே. அதையும் மஞ்சளாக்கிடலாமே."

"திருத்தினா நீங்கதான் கையெழுத்துப் போடணும் சார்."

பேனாவை வாங்கினார். தாளில் வைக்கவில்லை. "மஞ்சளாக்கினா அந்த அஞ்சு பேரும் திரும்பி வந்து அந்தச் சுவத்தோரமாப் படுப்பாங்க, இல்லண்ணே?"

"ஆறு பேரு சார். கைக்குழந்தை ஒண்ணு இருக்கு."

பேனாவை வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து உடைந்த கண்ணாடியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னார்.

மாலை நாலு மணிக்குச் சிவப்புப் பெயிண்ட் டப்பாவுடன் புறப்பட்டார். பதிவேட்டோடு நானும் போனேன். பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பித் தையல்காரரை வரவழைத்தார்.

"ரெண்டு கண்ணாடியும் ஒரே நாள்லதான் உடைஞ்சிது. எங்கக்கா வீட்டுல இருக்கிறது நான் மாத்தி ஒட்டினது."

"நான் மேஜையைத் தூக்கிக்கிட்டு வெளிய நின்னேனே, அப்பவா சார்?"

"ஆமா."

தையல்காரர் இரு கதவுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க பக்கத்துக் கண்ணாடிக்குத்தான் ஒரு அக்கா இல்லாமப் போச்சு."

தெருவில் யாரோ சிரித்தார்கள். கண்ணாடி சார் மஞ்சள் வட்டத்தின்மேல் சிவப்பைப் பூசினார். வாசலில் நின்ற அக்கா, "நல்லா அழுத்திப் பூசுடா, தெருவுக்கே தெரியட்டும்" என்றாள்.

மாமியாரைத் தூக்கிப்போக ஒன்றும் இல்லை. தையல்காரர்தான் போய்த் தன் மேஜையைக் கொண்டுவந்தார். அதன்மேல் போர்வை விரித்துக் கிழவியைக் கிடத்தினார்கள். மேஜையின் மூன்று கால்களை ஆட்கள் பிடித்துக்கொள்ள, நாலாவதைப் பிடிக்கக் கண்ணாடி சார் குனிந்தார்.

"நீங்க விடுங்க சார். கையெல்லாம் பெயிண்ட்டு" என்றார் தையல்காரர்.

நாலாவது காலை நான் பிடித்தேன். அவர் இரு கைகளையும் உடம்பில் படாமல் விரித்துக்கொண்டு, பள்ளிக்கூடம்வரை பின்னாலேயே நடந்து வந்தார்.

பழைய பதிவை எப்படி அடிப்பது என்று கேட்டேன். "அடியில என்ன எழுதியிருந்ததுன்னு தெரியிற மாதிரி அடிங்கண்ணே" என்றார். ஒற்றைக் கோடு போட்டேன். விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் பதவி உயர்வு நிறுத்தப்பட்டது.

அந்தச் சுவர் விழவில்லை. எட்டு மாதம் கழித்து அதை இடிக்கக் கடப்பாரையோடு போனவர்களுக்கு மூன்று நாள் பிடித்தது. "விழாத சுவத்துக்காக என்னைச் சந்தி சிரிக்க வச்சான்" என்று அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசவில்லை. விழுந்திருந்தால் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

அதன் பிறகு வேலையில் இருந்த இருபத்திரண்டு ஆண்டுகளும், வெள்ளம் வந்த ஊரானாலும் மண் சரிந்த ஊரானாலும், ஒட்டிய கண்ணாடியில் தேதியை அவர் எழுதியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேனாவைக் கையில் கொடுத்துவிடுவார்.

"ஏன் சார், நீங்களே எழுதலாமே?" என்று கேட்பார்கள்.

"என் கையெழுத்து நல்லா இருக்காதுங்க" என்பார்.