தொண்டூரான் வந்த வழி

தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் கலியபெருமாள். உள்ளங்கையளவு கண்ணாடித் தட்டு. அடியில் உருளைக்கிழங்குச் சாறு கூழாக இறுகியிருக்க, மேலே கரிப்பொடி தூவியதுபோல் பூஞ்சை படர்ந்து கிடக்கிறது. “மூணே நாளு. தட்டு ரொம்பிடுச்சி பாருங்க. இவன் தொண்டூரான். அடங்கவே மாட்டான்” என்று ஊர்வம்புக்கு அலையும் மச்சானைப் பற்றிப் பேசுவதுபோல் சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுக்கிறார்.

செஞ்சிக்கு வெளியே இருக்கும் சின்னப் பயறு ஆராய்ச்சிக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக அவர் தற்காலிகப் பணியாளர். வயது ஐம்பத்து மூன்று. மொபெட்டின் முன்னால் சாக்கை மடித்து வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். காராமணிக் கொல்லைகளில் வேரழுகல் நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி, காகித உறையில் போட்டுக் கொண்டுவருவார். அந்தப் பூஞ்சையைத் தட்டில் வளர்க்கக் கிழங்கு உரிப்பதும், வேகவைப்பதும், வடிகட்டுவதும் அவர் வேலைதான். வீட்டில் மட்டும் உருளைக்கிழங்கு வறுவலைத் தொடமாட்டார். “நோய்க்குச் சோறாக்கற கை இது. அத்த வாயில வெக்க மனசு வர்ல” என்பார்.

ஆராய்ச்சியாளர் எழில் தட்டுகளுக்கு எண் போடுவார். கலியபெருமாளுக்கு எண்ணெல்லாம் மனதில் நிற்காது, ஊர்ப்பெயர்தான். தளவானூரான் வெள்ளையாக, பஞ்சுபோல, ஒரு வாரம் ஊர்ந்து தட்டின் ஓரத்தைத் தொடுகிற சோம்பேறி. வல்லத்தான் சாம்பல் நிறம். மருந்தாகப் போடுகிற நல்ல பூஞ்சையைப் பக்கத்தில் வைத்தால் பயந்து ஒதுங்கிவிடுவான். தொண்டூரானோ அந்த மருந்தின் மேலேயே ஏறிப் படுத்துக்கொள்வான். நோய் தாங்கும் என்று வந்த புது ரகக் காராமணி வல்லத்தில் பிழைத்தது, தொண்டூரில் பூப்பதற்குள் செத்தது. “பேரு ஒண்ணுதான் மேடம். கொணம் ஊருக்கு ஊரு வேற” என்று அவர் ஒருநாள் சொல்ல, ஆறு வருடம் படித்துத் தான் எழுதிய ஆய்வேட்டில் இருப்பதும் இதுதான் என்று எழில் சிரித்தார்.

அவருக்கு எழுபது சென்ட் கொல்லை இருக்கிறது. அவர் வம்சத்தில் யாருக்கும் வாய்க்காத முதல் நிலம். நைனா பிறர் நிலத்தில் உழுது அங்கேயே கண்ணை மூடியவர். மனைவி மீனம்பாளின் வளையல்தான் நிலமாக மாறியது. வாங்கிய நாளிலிருந்து மனிதருக்கு எருப் பைத்தியம் பிடித்துவிட்டது. கல்யாண மண்டபத்து எச்சில் இலை, ரோட்டில் கிடக்கும் சாணி, ஏரிக்கரைச் சருகு எதையும் விட்டுவைக்கமாட்டார், எல்லாம் அவர் எருக்குழிக்குத்தான். பஸ்ஸில் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

அந்தப் பைத்தியம்தான் அவரைக் கவிழ்த்தது. நோய்ச்செடியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை எரித்துவிட வேண்டும், அதுதான் கூடத்துச் சட்டம். அவர் வேரை மட்டும் நறுக்கி நெருப்பில் போட்டார். பச்சை மாறாத தண்டையும் தழையையும் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார். அழுகினது வேர்தானே, தழை என்ன பாவம் செய்தது என்று நினைத்துவிட்டார். சொந்த மண்ணுக்கு ஒரு பிடி தழை கிடைத்தாலும் லாபம் என்று நினைக்கிற மனிதருக்கு வேறெப்படி நினைக்கத் தோன்றும்? நாலு வருடம் அந்தத் தழை எருக்குழியில் விழுந்தது. குழியிலிருந்து கொல்லைக்குப் போனது.

இந்தப் பங்குனியில் அவர் காராமணி, காய் பிடிக்கிற நேரத்தில், திட்டுத் திட்டாகச் சாய்ந்தது. ஐந்து செடியைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். மூன்றாம் நாள் எழில் பழைய தட்டுகளையும் புதுத் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“அண்ணா, இது தொண்டூர்ல எடுத்தது மாதிரியே இருக்கு. மருந்துக்கும் அப்படியே அடங்கல. உங்க பக்கத்துல இதுவரைக்கும் நாம இதைப் பாத்ததே இல்லயே. எப்படி வந்துச்சு?”

கலியபெருமாள் தட்டைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார்.

“நாந்தான் மேடம் கூட்டியாந்தேன்.”

தண்டிலும் அது இருக்கும் என்பதை எழில் அப்போதுதான் விளக்கிச் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“மண்ண வுட்டு எப்ப மேடம் போவும்?”

“வருஷக்கணக்கா இருக்கும் அண்ணா. தண்ணி கட்டி ரெண்டு மூணு போகம் நெல்லு வெச்சா குறையலாம்.”

நெல்லுக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது? மேட்டுக் கிணறு ஒன்று, அதில் இரண்டு பேருக்குப் பங்கு. ஒருவர் இவர், இன்னொருவர் கீழ்க்கொல்லை குஞ்சம்மாள். கிணறு நெல்லைத் தாங்காது. எருக்குழியை அன்றே மண் போட்டு மூடினார். அதற்குப் பிறகு எந்தத் தட்டையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. “இன்னா போச்சி, அடுத்த பட்டத்துல பாத்துக்கலாம்” என்று மீனம்பாள் தேற்றுகிறார். அடுத்த பட்டத்திலும் அவன் அங்கேதான் இருப்பான் என்பதை மனைவியிடம் எப்படிச் சொல்வது?

இன்று காலை செத்த செடிகளைத் தனியாளாகப் பிடுங்கி நடுக்கொல்லையில் குவித்தார், எரிப்பதற்காக. கணுக்கால்வரை மண் அப்பியிருந்தது. கீழ்க்கொல்லையில் குஞ்சம்மாளின் காராமணி பச்சையாய்ப் பூத்து நிற்கிறது. அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“இன்னாப்பா கலியபெருமாளு, ஓரத்துல நாலு செடி சோந்தாப்ல நிக்குது. நீ பாத்தா தெரியும். எறங்கி வாயேன்.”

“தோ வர்றேங்க்கா, காலக் கழுவிக்கினு வர்றேன்” என்று சொல்லி வாய்க்கால் ஓரம் உட்கார்ந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவர் கொல்லையை ஒட்டி வந்து, மடை தாண்டி, நேராகக் குஞ்சம்மாளின் பாத்திக்குள் போய்க்கொண்டிருந்தது. காலை நீட்டியவர் அது போகும் திசையைப் பார்த்தார்.

“வரியா இல்லியாப்பா?”

நீட்டிய காலை வெடுக்கென்று இழுத்து, தண்ணீரில் படாமல், மண்ணோடு மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.