ஜன்னல் மெம்பர்

என் அத்தை எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. ஆனாலும் எங்கள் ஊராட்சியில் அவளுக்குப் பெயர் ‘ஜன்னல் மெம்பர்’. தையல் தொழில். மாதக் கூட்டம் நடக்கும்போது மன்றத்தின் தெருப்பக்க ஜன்னல்களைத் திறந்து வைப்பது எங்கள் ஊர் வழக்கம். வெளியே நிற்கிற யாரும் கம்பி வழியாகக் கேள்வி கேட்கலாம். தலைவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தை, கழுத்தில் அளவு நாடாவோடு, முதல் ஆளாக நிற்பாள்.

“தலைவரே, எங்க சந்துக் கால்வாய் என்னாச்சு?”

“வந்துட்டியாம்மா? டீயைக் குடிக்க விடு.”

“நீங்க டீ குடிங்க. என் வீட்டுக்குள்ள வர்றதை யாரு குடிக்கிறது?”

உள்ளேயும் சிரிப்பு, வெளியேயும் சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் தெருவிளக்கு வந்தது, குழாய் வந்தது. கடைசியில் கால்வாய்க்கும் தீர்மானம் போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊராட்சியைக் கலைத்து மாநகராட்சியோடு சேர்க்கக் கிளம்பினார்கள். சேர்ந்தால் சந்துக்குச் சந்து சிமெண்ட் ரோடு, பாதாளச் சாக்கடை என்றார்கள். கடைசிக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கை தூக்கியபோது ஜன்னலுக்கு வெளியே அத்தையும் தூக்கினாள். முதலில் கைதட்டியதும் அவள்தான். அவளை நம்ப வைத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

உள்ளதும் போச்சு. கலைந்த ஊராட்சியின் தீர்மானம் செல்லாதாம். அது வசூலித்த வரி மட்டும் செல்லுமாம், இரண்டு மடங்காக!

வீட்டில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். நானே அத்தையை மாநகராட்சிக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கட்டடம். குளிரூட்டிய மன்றம். அதன் ஜன்னல்கள் திறப்பதற்காகச் செய்தவையே அல்ல. “பொதுமக்களுக்கு அனுமதி இல்ல, ஆன்லைன்ல போடுங்க” என்றான் காவலாளி. போட்டேன். ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. யார் தீர்த்தது? எந்தக் கையால்? அன்று சாயங்கால மழையில் கட்டில் கால்வரை சாக்கடை ஏறி நின்றது. தைத்து அடுக்கிய பள்ளிச் சீருடைகள் அத்தனையும் நாறிப்போயின.

அத்தை அழவில்லை. மறுநாள் காலை, “டேய் பட்டதாரி, மிஷினை ஒரு கை பிடி” என்றாள்.

பழைய மன்றம் இப்போது வரி வசூல் அலுவலகம். அதே ஜன்னலுக்குக் கீழே மிஷினைப் போட்டு உட்கார்ந்தாள். அலுவலர் எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா இது, கடைத்தெருவா? எந்திரிங்க.”

“என் வீட்டுல உங்க சாக்கடை உக்காந்திருக்கு சார். அதை முதல்ல எழுப்புங்க.”

வரி கட்ட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் ஜன்னலைப் படாரென்று சாத்தினார்.

அது குளிரூட்டாத கட்டடம் என்பதை மறந்துவிட்டார் மனிதர். உள்ளே ஒற்றை மின்விசிறி. அதுவும் ஊராட்சி வாங்கிப் போட்டது. வெயில் ஏற ஏறப் பொறுத்துப் பார்த்தார். உச்சிப்பொழுதில் ஜன்னல் மெதுவாகத் திறந்தது. சட்டை நனைந்து நின்றார்.

அத்தை பெடலை நிறுத்தினாள்.

“வாங்க தம்பி. கால்வாய் என்னாச்சு?”