வெள்ளை அடித்த புழுமனை

இண்டூருக்கு மேற்கே ஒன்றரை ஏக்கர் மல்பெரித் தோட்டத்தையும் சிமெண்ட் ஷீட் போட்ட புழுமனையையும் நம்பிப் பதினோரு வருடமாகப் பட்டுப்புழு வளர்த்துவந்தாள் சுகுணா. கணவன் செத்த பிறகு மகள் பாரதியைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்தது அந்தப் புழுக்கள்தான்.

அந்தச் சித்திரையில் மனைக்குள் வெப்பம் முப்பத்தெட்டு டிகிரிக்கு ஏறியது. புழுவுக்கு இருபத்தைந்துக்கு மேல் ஆகாது. நாலாவது தோலை உரித்துவிட்டு இராப்பகலாகத் தழை தின்ன வேண்டிய புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்தன.

தர்மபுரியிலுள்ள கரீம் பாயின் பெயிண்ட் கடைக்கு ஓடினாள் சுகுணா.

"வெயிலத் திருப்பி அடிக்கிற வெள்ளை இருக்குதாமே பாய்?"

"இருக்குதும்மா. மூணு நாலு டிகிரிதான் கொறையும். பொய் சொல்லி விக்க மாட்டேன்."

மறுநாள் விடிந்ததும் ஏணி வைத்து, மூங்கில் கழியில் பிரஷ்ஷைக் கட்டித் தாயும் மகளும் கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். உச்சி வெயிலில் கூரை கண்ணைக் கூசவைத்தது. உள்ளே முப்பத்து நாலு. ஈரச் சாக்குக் கட்டினால் இன்னும் இறங்கும். ஆனால் நனைக்கத் தண்ணீர் இல்லை; போர்வெல்லில் காற்றுதான் வந்தது.

தழை போட்டுக்கொண்டே பாரதி சொன்னாள்: "வானத்துலயே இப்படிப் பண்ணலாமான்னு வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்றாங்கம்மா. ரொம்ப ஒசரத்துல பிளேன்ல போயித் தூள் மாதிரி ஒண்ணத் தூவுனா, கொஞ்சம் வெயிலு அப்படியே திரும்பிப் போயிடுமாம்."

சுகுணாவின் கை நின்றது. "எப்பத் தூவுவாங்க?"

"இன்னும் பேச்சுதாம்மா. சூடு கொறையும். ஆனா சில பக்கம் மழையும் கொறையலாங்கறாங்க. எந்தப் பக்கம்னு யாருக்கும் சரியாத் தெரியல."

"மழை இல்லன்னா தழைக்கு எங்கடி போறது?"

பாரதி அடுத்த தட்டுக்குத் தழையை அள்ளினாள்.

"தூவறதுக்கு முந்தி நம்மளக் கேப்பாங்களா?"

"நம்மள யாரும்மா கேப்பாங்க?"

மூன்றாம் நாள் புழுக்கள் உடம்பு ஊதி, தொட்டாலே பால் போல ஒழுகின. நோய் கண்டதைச் சுகுணா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தாள். சாயங்காலத்துக்குள் பிரிக்க நல்லது எதுவும் மிஞ்சவில்லை. தோட்டத்து மூலையில் குழி வெட்டினார்கள். கொட்டும்போது நாலைந்து புழு நெளிவதைக் கண்டு, "இது உசுரோட இருக்குதுடி!" என்று கத்திக்கொண்டே குழிக்குள் இறங்கிவிட்டாள். பாரதிதான் கையைப் பிடித்து மேலே இழுத்தாள். கையோடு எடுத்து வந்தவற்றைச் சுகுணா தளிர் இலையில் தனியாக வைத்தாள். காலையில் அவையும் செத்துக் கிடந்தன.

அடுத்த முறை வளர்ப்புக்குப் புழு முட்டை வாங்கவில்லை. ஆனி மாதம் பாலக்கோடு மண்டியில் தக்காளி பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஆட்டுக்கார மாதையன் ஒருநாள் வழிமறித்து, மல்பெரித் தோட்டத்தில் ஆட்டை மேய்த்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆட்ட வுடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.