காட்டு விடுதியின் தண்ணீர்த் தொட்டி

வாடிக்கையாளரைக் கும்பிட்டுப் பிழைக்கிற எவருக்கும் தெரிந்ததுதான்: எந்தத் தொழிலிலும், இல்லாததைக் காட்டச் சொல்லித்தான் உயிரை எடுப்பார்கள். எங்கள் சஃபாரித் தொழிலில் அது புலி. பெரம்பலூருக்கு வெளியே, திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய காட்டு விடுதியில் நான் ஜீப் ஓட்டுகிறேன். காடு என்றால் வேலிக்கருவை முள்ளும் ஒரு கரட்டுக் குன்றும், அவ்வளவுதான்.

பைனாகுலர்காரர்

தொப்பி, பச்சைச் சட்டை, கழுத்தில் பைனாகுலர் என்று ஒருவர் குடும்பத்தோடு வந்தார். மயில் காட்டினேன், உடும்பு காட்டினேன். ஒரு திருப்பத்தில் நல்லவேளையாகப் புள்ளிமான்கள் நின்றன. மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை நிறுத்தினேன். அவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மான் சரிங்க. மத்ததெல்லாம் எத்தன மணிக்கு வரும்?"

தொட்டி

மானாவது தவறாமல் வரட்டும் என்று விடுதி முதலாளி, தங்கும் அறைகளுக்கு முன்னாலேயே ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார். மாசி வெயிலுக்கு மான்கள் தேடி வந்தன. விருந்தாளிகள் காபியும் கையுமாக உட்கார்ந்த இடத்திலேயே படம் எடுத்தார்கள்.

ஆனால் காட்டுக்கும் தொட்டிக்கும் நடுவில் ராசாத்தி அக்காவின் மக்காச்சோளக் கொல்லை. தனியாளாக, ஒற்றைக் கிணற்றை நம்பிப் போட்ட வெள்ளாமை. வருகிற வழியில் மான்கள் பிஞ்சுக் கதிரையெல்லாம் குதறிப் போட்டன. ஒடிந்த சோளத்தட்டையோடு அக்கா கேட்டில் வந்து நின்றபோது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே எனக்குத் தெரியவில்லை. "தண்ணிய நீங்க வச்சிட்டீங்க. சோத்த நாந்தான தம்பி வைக்கிறேன்?"

சேலை வேலி

பன்றிக்கும் மானுக்கும் பயந்து கொல்லையைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவும் கட்டினார், கல்யாணச் சேலை வரைக்கும். மான் வரத்து குறைந்துபோனது. ஒரு பக்கமாவது அவிழ்க்கச் சொல் என்று முதலாளி என்னை அனுப்பினார். சே, என்ன பிழைப்பு! போனேன். அக்கா கோபப்படவே இல்லை. "கதிர் ஒடிக்கிற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க. அப்பறம் சேல என்ன, கொல்லையவே தொறந்து வுட்டுடறேன்."

கிணறு

ஒரு விடியலில், சேலை வேலிக்கு வெளியே சுற்றி வரப்பு வழியாக வந்த மானை நாய்கள் துரத்தின. அக்காவின் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது; மான் உள்ளே விழுந்துவிட்டது. தீயணைப்பு வண்டிக்குப் போன் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் அக்கா வேலிச் சேலைகளைப் பரபரவென்று உருவி, முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி மானைக் கட்டி ஏற்றினேன். சினைமான். மூச்சு இல்லை.

வனத்துறைக்காரர்கள் எடுத்துப் போனார்கள். பயிர் தண்ணீருக்குக் காய்கிற நேரத்தில் கிணற்றை முழுக்க இறைத்துக் கொட்டவேண்டி வந்தது. அதைக்கூட அக்கா பேசவில்லை. மான் கிடந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து அழுதார். எனக்கும் தாங்கவில்லை. "கதிரத் தின்னப்ப வாய்க்கு வந்தபடி திட்டுனேனே தம்பி. இப்ப யாரத் திட்டுறது?"

முதலாளி

ஈரத் துணியோடு நேரே முதலாளியிடம் போனேன். தொட்டியைக் காட்டோரம் மாற்றிவிடலாம் சார், மான் கொல்லைப் பக்கமே வராது என்றேன். அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: "அங்க வச்சா கெஸ்ட்டுக்கு எப்படிப்பா தெரியும்?"

மானைக் காட்டிச் சம்பளம் வாங்குகிற நான், இப்போதெல்லாம் தொட்டிப் பக்கம் ஒரு மானும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஜீப்பைக் கிளப்புகிறேன்.