மடித்து வைத்த சட்டை

என் கணவர் இறந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்த மறுவாரம், அவருடைய சட்டை சூடாக இருந்தது. கழற்றிப் போட்ட சட்டையில் உடம்புச் சூடு கொஞ்ச நேரம் தங்கியிருக்குமே, அந்தச் சூடு. மதியம் இரண்டு மணி. பட்டறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

எங்களுக்குக் கிள்ளானில் மரச்சாமான்களுக்கு மெருகேற்றும் பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு. வீட்டுக்கு ஏறும் ஒரே மரப்படி பட்டறைக்குள்தான் இருக்கிறது. அந்த நாட்களில் மேலே என் மகள் படுத்த படுக்கையாக இருந்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை பார்ப்பவள், மழையில் ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து, இடது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. குளியலறைக்குப் போவதென்றாலும் என் தோள் வேண்டும்.

அவர் மரத்தைத் தேய்க்கும் சாண்டிங் மெஷின் பிடிப்பார், நான் எண்ணெய் பூசுவேன். பத்தொன்பது வருடம் இப்படித்தான். மனுஷனின் பயம் இருக்கிறதே, தாங்க முடியாது. மெஷினில் சாண்ட்பேப்பர் மாற்ற வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கி, கண் முன்னால் மேசைமேல் போட்டுவிட்டுத்தான் மாற்றுவார். கரண்ட் இல்லாத நேரத்திலும் பிடுங்குவார். "போன கரண்ட் சொல்லிட்டா வரும்?" என்பார். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் நான் மெஷின் பக்கம் போனால் திட்டு விழும். "பத்து விரலோட பொட்டிக்குள்ள படுக்கணும்னு ஆசையா உங்களுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆமா லா" என்றார். பத்து விரலோடுதான் போனார். மாரடைப்புக்கு எந்தப் பிளக்கைப் பிடுங்குவது?

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை எண்ணெய்த் துணி. லின்சீட் எண்ணெய், அதுதான் ஆளிவிதை எண்ணெய், பூசிய துணியைச் சுருட்டக் கூடாது, மடிக்கவும் கூடாது. பின்சந்தில் கட்டிய கொடியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட வேண்டும். காய்ந்து விறைத்த பிறகு, தண்ணீர் ஊற்றிய பிஸ்கட் டின்னில் முக்கி மூட வேண்டும். "காயுறப்ப அதுவே சூடாகும். சுருட்டி வெச்சா சூடு போக வழியில்லாம தன்னால பத்திக்கும்" என்பார். தீக்குச்சி இல்லாமல் நெருப்பா? நான் நம்பவில்லை. நான் நம்பும்படி அது ஒருமுறைகூட நடக்க அவர் விட்டதில்லை.

அவருடைய சட்டைகளை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பாசாரில் காய்கறி வாங்கப் போகும்போது வேறொருவன் உடம்பில் பார்த்தால் நான் என்ன ஆவேன்? எண்ணெய் பூசப் பழைய பருத்தியை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. என் கையிலேயே இருக்கட்டும் என்று ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து, பொத்தான்களை மட்டும் அறுத்துவிட்டு, அம்பாங்கிலிருந்து வந்திருந்த தேக்கு அலமாரிக்குக் காலையில் எண்ணெய் பூசினேன். முடித்ததும் கை தன் பழக்கத்தில் அதை மடித்துவிட்டது. கைகளை உள்ளே திருப்பி, காலரை மேலே வைத்து, துவைத்த சட்டையை மடிப்பதைப் போலவே. படிக்குக் கீழே கிடக்கும் அவருடைய வேலை மேசையின் இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு, சமைக்க மேலே போனேன்.

மதியம் வந்து இழுப்பறையைத் திறந்தபோதுதான் அந்தச் சூடு. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மறுபடி தொட்டேன். காலர் பக்கம் லேசாக, நெஞ்சுப் பக்கம் அதிகமாக. எடுத்து முகத்தில் வைத்தேன். அவர் கழுத்தில் எப்போதும் இருக்கும் அதே எண்ணெய் வாசம்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று வாய்விட்டே கேட்டேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

அது எண்ணெய்ச் சூடுதான் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். மறுநாள் வேண்டுமென்றே இன்னொரு சட்டையை அவர் சொன்னபடி கொடியில் விரித்துப் போட்டேன். சாயங்காலம் தொட்டால் சில்லென்று கிடந்தது. பெட்டியை மூடுமுன் நான் தொட்ட நெற்றி ஞாபகம் வந்தது. அடுத்த நாள் மடித்து வைத்தேன். வந்தார். அப்படியே நாலு நாள் வந்தார். மகளுக்குச் சோறு போடும்போதே என் காது கீழே இருக்கும். மூடிய இழுப்பறைக்குள் ஏதோ மெல்லச் சொடுக்கும். சூட்டில் மரம் சொடுக்குவது எனக்குத் தெரியாததா? ஆனாலும் அது எனக்கு அவர் விரல் நெட்டி முறிக்கும் சத்தமாகத்தான் கேட்டது.

அதற்கடுத்த நாள் பேராசை பிடித்தது. ஒரு சட்டையின் சூடு சீக்கிரம் ஆறிவிடுகிறது. மூன்று சட்டைகளை எண்ணெய் சொட்டச் சொட்ட நனைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து, இறுக்கி வைத்தேன். கூடக் கொஞ்ச நேரம் இருப்பாரே என்றுதான்.

மேலே மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா, அப்பா வாசம் வருது."

சட்டை விஷயத்தை நான் அவளிடம் மூச்சுகூட விட்டதில்லை. "உனக்கும் வருதா?" என்றேன்.

"வருதும்மா. பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கு." சிரித்தாள். பிறகு இருமினாள்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். படியேறி வந்துவிட்டார் என்று நினைத்தேன். அவள் மறுபடி இருமியபோதுதான் அந்த மாவுக்கட்டுக் கால் என் கண்ணில் பட்டது. இறங்குவதற்கு இருக்கிற ஒரே படி, அதன் கீழே அந்த மேசை.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. இழுப்பறையின் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை நூலாக வந்துகொண்டிருந்தது. யாரோ உள்ளே உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பது போல, அவ்வளவு நிதானமாக. மூன்றடி தள்ளி, பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் தின்னர் டின்கள். ஆணியில் அவருடைய தோல் கையுறை தொங்கியது. பத்தொன்பது வருடமாக நான் கேலி செய்த கையுறை. மாட்டிக்கொண்டு இழுப்பறையை அப்படியே உருவினேன். பின்வாசலைத் தாண்டும்போது காற்றுப் பட்டுக் குபீரென்று தீப்பிடித்தது. சந்திலிருந்த தண்ணீர்ப் பீப்பாய்க்குள் இழுப்பறையோடு கவிழ்த்தேன்.

"பிள்ளையையும் கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?" என்று பீப்பாயைப் பார்த்துக் கத்தினேன்.

கத்தி முடிக்கவில்லை, எனக்கே புரிந்துவிட்டது. அவர் வரவே இல்லை. ஒரே ஒருநாள் அவர் வந்திருந்தாலும், முதல் வேலையாக அந்தத் துணியை எடுத்துக் கொடியில் விரித்துப் போட்டிருப்பார். சந்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் செத்துப்போனது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

படியேறிப் போனபோது மகள் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றுகொண்டிருந்தாள். "என்னம்மா கத்துனீங்க? அப்பா வாசம் போயிருச்சே" என்றாள்.

"போகட்டும்மா. நீ படு" என்றேன்.

மிச்சமிருந்த சட்டைகளை வைத்துத்தான் இப்போதும் எண்ணெய் பூசுகிறேன். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கொடியில் விரித்து, இரண்டு கைகளையும் நீட்டிக் கிளிப் போடுகிறேன். கதவைச் சாத்துவதற்கு முன் வரிசையாக எல்லாவற்றின் நெஞ்சையும் தொட்டுப் பார்க்கிறேன். எல்லாம் சில்லென்று இருந்தால்தான் மேலே போகிறேன்.